டாம்பர் காட்டிய 18 டிகிரி: ஒரு ஜெனரேட்டருக்கு டைமிங் முறை தேர்ந்த கதை

பெங்களூர் ஓசூர் ரோட்டில், எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் இது. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, ஆறு எலிமென்ட்டும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தும் பிளஞ்சர், பேரல் ஜோடி) ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் பம்ப், 1500 ஆர்பிஎம், 50 ஹெர்ட்ஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2014, 2023 விதிகளுக்கெல்லாம் முந்தைய செட் என்பதால் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் டைமிங்கில், அதாவது சிலிண்டருக்கு டீசல் எப்போது போக வேண்டும் என்பதில், தலையிடாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, இன்ஜின் மேல் குற்றமும் இல்லை. இன்ஜினின் பெயர்த் தட்டில் ஒரே ஒரு வரி: முதல் சிலிண்டர், ஸ்பில், டிடிசிக்கு முன் 18 டிகிரி. (டிடிசி என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், ஸ்பில் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.) அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு விதமாக டைமிங் வைத்து, ஒருவர் வைத்ததை மற்றவர் மாற்றி, கடைசியில் அசோசியேஷன் செயலாளர் என்னைக் கூப்பிட்டு "எந்த முறை சரி என்று எழுதியே கொடுத்துவிடுங்கள் சார், எங்களால் பஞ்சாயத்து பண்ண முடியவில்லை" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதன் விரிவான வடிவம்தான் இது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எலிமென்ட் தேய்ந்து பம்ப் கலாசிபாளையத்தில் ஒரு பம்ப் கடைக்குப் போனது. எலிமென்ட், டெலிவரி வால்வு எல்லாம் மாற்றி, பெஞ்சில் ஏற்றி காலிபரேஷன் முடித்து, ஈய சீல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். (பெங்களூரில் பழைய ஆட்கள் எந்த பம்பைப் பார்த்தாலும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள். 1951-ல் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் ஆடுகோடிப் பக்கம் அந்தப் பெயர் போகவில்லை.) வழக்கமாக அந்த செட்டைப் பார்க்கும் மேஸ்திரி, வேலூர்க்காரர், கை சுத்தமான மனிதர், பம்பை மாட்டி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு முதல் எலிமென்ட்டின் சீலை எடுத்து, சொட்டு பார்த்து (இன்ஜினைக் கையால் திருப்பி, எலிமென்ட்டிலிருந்து வரும் டீசல் தாரை சொட்டாகி நிற்கும் இடத்தைப் பிடிப்பது), கிராங்கின் முன்முனையில் இருக்கும் டாம்பர் புல்லியின் டிகிரிக் கோட்டில் 18-க்கு வைத்தார். இன்ஜின் ஓடியது. ஆனால் காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரம் ஆயிற்று, எடுத்ததும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து லோடு ஏறினால் கருப்புப் புகை, தண்ணீர் சூடு மெல்ல மேலே போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது மாடி வரைக்கும் ஜன்னல் சாத்த வேண்டியிருந்தது. வாட்ச்மேன் "ஹொகே சார், பரீ ஹொகே" (புகை சார், வெறும் புகை) என்று தினமும் முறையிட ஆரம்பித்தார்.

மேஸ்திரி பம்ப் கடையைக் குற்றம் சொன்னார். கடைக்காரர் பெஞ்ச் ரிப்போர்ட்டைக் காட்டினார், ஆறு எலிமென்ட்டும் சமமாகத்தான் ஊற்றின. நாசில்களையும் கழற்றிச் சோதித்துப் பார்த்தார்கள், அழுத்தமும் தெளிப்பும் சரி. அப்புறம் செயலாளர் வேறொரு இளைஞரை அழைத்தார். கிருஷ்ணகிரிப் பையன், டீசல் டைமிங் லைட் சொந்தமாக வைத்திருக்கிறார், பைப்பில் மாட்டும் பியெசோ கிளாம்ப் உள்ளது, டீசல் அழுத்தத்தில் பைப் வீங்குவதை அது உணர்ந்து லைட்டை மின்ன வைக்கும். அவர் முதல் சிலிண்டர் பைப்பில், நாசில் அருகே கிளாம்பை மாட்டி, 1500-ல் ஓடவிட்டு டாம்பரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். 14 டிகிரி காட்டியது. "தட்டில் 18, இன்ஜினில் 14, நாலு டிகிரி ரிடார்ட், பிந்துது" என்று சொல்லி, பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்தி லைட்டில் 18 வரும் வரை பம்பை முன்னே கொண்டுவந்தார். இன்ஜின் நன்றாகவே ஓடியது! வெள்ளைப் புகை நின்றுவிட்டது. மேஸ்திரிக்கு இது தெரிந்ததும் வந்து சொட்டு பார்த்தார், 22 வந்தது. "இப்படியே விட்டால் ஹெட் கேஸ்கெட் போகும், பேரிங் போகும்" என்று திரும்ப 18-க்கே கொண்டுவந்தார். புகையும் கூடவே திரும்பி வந்தது.

நான் போனபோது இருவரும் இருந்தார்கள்.

"லைட்டு பொய் சொல்லுமா சார்?" என்றார் தம்பி.

"சொட்டு பொய் சொல்லுமா?" என்றார் மேஸ்திரி.

இரண்டும் சொல்லவில்லை. அது எப்படி என்று புரிந்தால்தான் எந்த முறையைத் தேர்வது என்ற கேள்விக்கே பதில் கிடைக்கும். அதனால் இந்த 18 டிகிரி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

இன்லைன் பம்பில் பிளஞ்சர் மேலே ஏறும்போது பேரலின் பக்கத்துத் துளையை மூடுகிறது. மூடிய கணத்தில் இருந்துதான் டீசல் அமுங்கத் தொடங்கும். ஸ்பில் டைமிங் என்பது அந்தத் துளை மூடும் கணம். நாசிலில் டீசல் தெளிக்கும் கணம் வேறு, நெருப்புப் பிடிக்கும் கணம் அதற்கும் பிந்தியது. 1500 ஆர்பிஎம்-ல் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 9 டிகிரி சுற்றுகிறது, இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது. டீசலில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1300, 1400 மீட்டர் வேகத்தில் போகும். இந்த இன்ஜினில் பைப் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அப்படியானால் பம்பில் புறப்பட்ட அலை நாசிலுக்குப் போய்ச்சேர அரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது கிராங்க் கணக்கில் 4 டிகிரி ஆகும். நாசில் திறந்து டீசல் உள்ளே போன பிறகும் உடனே பற்றாது, சூடேறி ஆவியாகிக் கலந்து பற்ற இன்னொரு மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதம் இருக்கும், அது இன்னொரு 9 டிகிரி. 18-ல் மூடினால் 14-ல் நாசில், 5-ஐ ஒட்டி நெருப்பு. டிடிசிக்குக் கொஞ்சம் முன்னால் பற்றி, பிஸ்டன் இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வரும். தயாரித்தவர் 18 என்று எழுதியதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சங்கிலிதான், வெறும் எண் இல்லை.

இப்போது தம்பியின் அளவைப் பாருங்கள். கிளாம்ப் நாசில் பக்கம். ஸ்பில் 18 என்று இருந்தால் அந்த இடத்தில் லைட் 14 தான் காட்ட வேண்டும்! அவர் 14-ஐப் பார்த்து 'நாலு குறைகிறது' என்று முடிவு செய்தார், உண்மையில் அது மேஸ்திரியின் 18-ஐ அப்படியே உறுதி செய்த அளவு. லைட்டும் சொட்டும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை. தட்டில் எழுதியிருப்பது நிலையான அளவு, துளை மூடும் இடம். லைட் காட்டுவது ஓடும்போது பைப்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அலை வந்து சேரும் கணம். கிளாம்பைப் பம்ப் பக்கம் மாட்டினால் 18-ஐ ஒட்டி வரும், நாசில் பக்கம் என்றால் 14, ஐடிலிங் இருக்கிற வண்டியில் 750-ல் பார்த்தால் அதே பைப்புக்கு 2 டிகிரிதான் வித்தியாசம். எங்கே மாட்டினாய், எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று சொல்லாத லைட் அளவுக்கு அர்த்தமே கிடையாது.

அப்படியென்றால் மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று ஆகிறது. ஆனால் மேஸ்திரி வைத்தபோது புகைந்தது, தம்பி தப்பான காரணத்துக்காக முன்னே தள்ளியபோது புகை நின்றது. காலையில் வெள்ளைப் புகை, லோடில் கருப்பு, சூடு ஏறுவது, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் நெருப்பு பிந்துகிறது என்றுதான் பொருள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், காற்று பத்து சதவீதம் போல மெல்லியது, டர்போ இல்லாத இன்ஜினில் முழு லோடில் கருப்பு கொஞ்சம் வரத்தான் செய்யும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், ஆனால் இந்த செட் இத்தனை வருஷமும் இதே 900 மீட்டரில்தான் இருந்தது.

இங்கேதான் நான் முறையை விட்டுவிட்டுக் குறியைப் பார்க்கத் தொடங்கினேன். மேஸ்திரி சொட்டு பார்த்தது டாம்பரின் கோட்டில். தம்பி லைட் அடித்தது அதே டாம்பரின் அதே கோட்டில். இரண்டு முறையும் பம்ப் பக்கம் வெவ்வேறு விஷயத்தைப் பிடிக்கின்றன, கிராங்க் பக்கம் இரண்டுக்கும் ஒரே ஆதாரம். கோர்ட்டில் ஒரே ஆளை இரண்டு பெயரில் கூண்டில் ஏற்றியது போலத்தான். டாம்பர் என்பது நடுவில் ஹப், வெளியே கனமான இரும்பு வளையம், நடுவே ரப்பர். டிகிரிக் கோடு வெளி வளையத்தில் இருக்கிறது, கிராங்க் ஹப்போடு சேர்ந்திருக்கிறது. ரப்பர் ஆயில் குடித்து ஊறினாலோ பிளந்தாலோ வளையம் நகர்ந்துவிடும், கோடும் கூடவே நகரும். டார்ச் அடித்துப் பார்த்தேன், ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி நின்றது. இந்த டாம்பர் விட்டம் 240 மி.மீ., அதன் விளிம்பில் ஒரு டிகிரி என்பது 2.1 மி.மீ. வளையம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே 5 டிகிரி போச்சு, அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாது.

சரி பார்ப்பதற்கு, ஃப்ளைவீலில் இருக்கும் டிடிசிக் குறியைக் காட்டும் ஜன்னல் இருந்தது, ஆனால் அதன் மேல் கேபிள் தட்டுக்கான பிராக்கெட்டை யாரோ போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். எத்தனை வருஷமாகத் திறக்கவில்லையோ, போல்ட் தலை துருவில் உருண்டு போயிருந்தது. திறந்து முதல் சிலிண்டரை ஃப்ளைவீல் டிடிசிக் குறிக்குக் கொண்டுவந்தால் டாம்பரின் டிடிசிக் கோடு இன்னும் 5 டிகிரி வரவேண்டியிருந்தது. இரண்டு குறி, இரண்டு பதில். டாம்பர்தான் பொய் என்று அப்போதே முடிவு கட்டியிருக்கலாம், ஆனால் ஃப்ளைவீலை எப்போதோ கழற்றி மாட்டியிருக்கலாம், எல்லா இன்ஜினிலும் இடம் பிடிக்கும் டவல் பின் இருந்து ஒரே இடத்தில்தான் உட்காரும் என்று சொல்ல முடியாது. அதனால் பிஸ்டனையே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

பிஸ்டனைக் கேட்க வழி: முதல் சிலிண்டரின் ராக்கரைத் தள்ளி, எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்கார வைத்து, அதன் தண்டின் மேல் டயல் கேஜ். வால்வு உள்ளே விழுந்தால் ஹெட்டைத் தூக்க வேண்டும், ஆகவே தண்டில் ஒரு ஓ-ரிங்கை இறுக்கிப் போட்டுக்கொள்ளவேண்டும், பிஸ்டனையும் ரொம்பக் கீழே இறக்கக் கூடாது. டிகிரித் தட்டை டாம்பர் வளையத்தில் ஒட்டாமல் ஹப்பில் போல்ட் போட்டுப் பிடித்தோம். தடித்த கம்பியை வளைத்து முள் செய்தோம்.

இந்த இடத்தில் நிறைய பேர் செய்வது, டயல் முள் உச்சத்தில் நிற்கும் இடம் டிடிசி என்று வைத்துக்கொள்வது. அது வேலைக்காகாது. ஸ்ட்ரோக் 120 மி.மீ., கனெக்டிங் ராட் 220 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், உச்சத்திலிருந்து ஒரு டிகிரி நகர்ந்தால் பிஸ்டன் இறங்குவது நூறில் ஒரு மில்லிமீட்டர்தான், டயலில் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. அதுவே 20 டிகிரி தள்ளிப் போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஓடும். ஆகவே உச்சத்தைத் தேடாமல், உச்சத்துக்கு முன் 4 மி.மீ. இருக்கும் இடத்திலும் பின் அதே 4 மி.மீ. இறங்கிய இடத்திலும் தட்டைப் படித்து, இரண்டுக்கும் நடுவை எடுக்கவேண்டும். ஃப்ளைவீல் குறியைச் சுழி என்று வைத்துப் படித்ததில் முன்னால் 18.5, பின்னால் 19 வந்தது. நடு, ஃப்ளைவீல் குறியிலிருந்து கால் டிகிரி. ஃப்ளைவீல் சரி, டாம்பர் 5 டிகிரி பொய்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. டாம்பர் கோடு 5 டிகிரி பிந்தி வருவதால் அதில் 18 என்று படிப்பது உண்மையில் 13. மேஸ்திரி 13-ல் வைத்திருக்கிறார்: நாசில் 9-ல், நெருப்பு சரியாக டிடிசியில், பிஸ்டன் இறங்கும்போது துரத்திக்கொண்டு எரிகிறது. புகை வராமல் என்ன செய்யும். தம்பி தள்ளிய 4 டிகிரியால் டாம்பர் கணக்கில் 22, உண்மையில் 17. ஒரு டிகிரிதான் பாக்கி. லைட்டின் அளவைத் தட்டின் அளவோடு ஒப்பிட்டது ஒரு பிழை, நழுவிய குறி இன்னொரு பிழை, இரண்டும் எதிர்த்திசையில் இருந்ததால் ஒன்றையொன்று தின்றுவிட்டன. வளையம் எதிர்ப்பக்கம் நழுவியிருந்தால் அதே தம்பியின் அதே வேலையில் டைமிங் 27-க்குப் போயிருக்கும், மேஸ்திரி பயந்தது எல்லாம் நடந்திருக்கும்.

இனி எந்த முறை. என் முன் இருந்தவற்றைச் சொல்கிறேன்.

பம்பும் இன்ஜினும் சேரும் ஃபிளாஞ்சில் பழைய கீறலோடு கீறல் பொருத்துவது: அதே பம்பை உள்ளே பிரிக்காமல் திரும்ப மாட்டும்போது மட்டும். எலிமென்ட் மாறி, ரோலர் டாப்பெட் உயரம் திருத்தப்பட்ட பிறகு அந்தக் கீறலுக்கு மதிப்பு இல்லை. காதில் கேட்டு வைப்பது, அதாவது நாக் (டக்டக் என்ற தட்டல் சத்தம்) வரும் வரை முன்னே தள்ளிக் கொஞ்சம் பின்னே இழுப்பது: ரோட்டில் நின்றுபோன லாரியைக் கடைவரை கொண்டுவர உதவும், அவ்வளவுதான். நாக் எப்போது கேட்கிறது என்பது இன்ஜின் சூடு, லோடு, பக்கத்தில் ஓடும் மற்ற சத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. பூட்டுப் பின் போட்டு வைப்பது இருப்பதிலேயே சுகமான வழி, ஆனால் இந்த பம்பில் பின் துளை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பம்புக்கு டயல் கேஜில் பிளஞ்சர் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார்கள், பின் பக்க மூடியைக் கழற்றி, பிளஞ்சர் அடியில் நிற்கும் இடத்தில் சுழி வைத்து, டிடிசிக்குக் கொண்டுவந்து எத்தனை மில்லிமீட்டர் என்று படிப்பது. அருமையான முறை, வேறு இன்ஜினுக்கு.

அதிக அழுத்த ஸ்பில் எனக்குப் பிடித்தது. டெலிவரி வால்வைக் கழற்றாமல், அது திறக்கும் அளவு அழுத்தத்தில் டீசலை உள்ளே செலுத்தி, நின்றுபோகும் இடத்தைப் பார்க்கலாம். சீல் உடையாது, தூசி உள்ளே போகாது, டெலிவரி ஹோல்டரை அளவுக்கு மேல் இறுக்கி பேரலை நெளிக்கும் ஆபத்தும் இல்லை. ஆனால் அதற்கான மோட்டார் செட் அந்தப் பம்ப் கடையில் கிடந்தது, இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. மேஸ்திரி ஏற்கெனவே சீலை எடுத்துவிட்டார், முதல் எலிமென்ட் திறந்த வீடுதான்.

ஆகவே சொட்டு. தட்டில் எழுதியவர் எந்த முறையில் எழுதினாரோ அந்த முறையிலேயே வைப்பது, கிராங்க் பக்கம் மட்டும் உண்மையான டிடிசியில் இருந்து அளப்பது. இது நிலை வேக இன்ஜின், பம்ப் டிரைவில் தானாக அட்வான்ஸ் செய்யும் கருவி (டைமர்) இல்லை, அதனால் நின்ற நிலையில் வைத்ததுதான் ஓடும்போதும். லாரி இன்ஜினாக இருந்து, பம்ப் டிரைவில் டைமர் இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும், அங்கே ஓடவிட்டு வேகம் ஏற்றி லைட்டில் பார்க்காமல் டைமர் வேலை செய்கிறதா என்று சொல்லவே முடியாது.

சொட்டு பார்ப்பதில் மேஸ்திரிக்கு நான் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை, அவர் செய்வதைத்தான் எழுதிக்கொண்டேன். இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்து முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்தார், ஆறாவதில் ஒரு வால்வு மூட, மற்றது திறந்துகொண்டிருந்தது. டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, ஹோல்டரைத் திரும்ப மாட்டி, மேலே வளைந்த சிறு குழாய். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை ஓடும் நிலையில் கட்டினார். ஸ்டாப் நிலையில் இருந்தால் பிளஞ்சரின் நேர் வெட்டு துளைக்கு நேரே வந்து எண்ணெய் நிற்கவே நிற்காது, ஸ்டார்ட்டுக்கான அதிக டீசல் நிலையில் விட்டால் சில பிளஞ்சர்களில் மேலே இருக்கும் ரிடார்ட் வெட்டு துளையைப் பிந்தி மூடும், அளவே தப்பாகிவிடும். அப்புறம் உயரத்தில் ஒரு டப்பாவில் டீசல், ஓடும் திசையில் மட்டும் பாரால் திருப்பி, தாரை மெலிந்து சொட்டாகி, சொட்டும் தயங்கி நிற்கும் இடத்தில் நிறுத்தினார். தாண்டிப் போனால் கால் சுற்று பின்னே போய்த் திரும்ப வரவேண்டும், கியர் இடைவெளியின் விளையாட்டு இல்லாமல் போக வேறு வழி கிடையாது. ஹப்பில் பிடித்த தட்டில் 13 வந்தது.

5 டிகிரி முன்னே. கப்ளிங்கில் இரண்டரைதான், பம்ப் பாதி வேகத்தில் சுற்றுகிறது என்பதை மறந்து கப்ளிங்கில் 5 தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறுக்கிய பிறகு திரும்பவும் இரண்டு தடவை சொட்டு பார்த்தோம், போல்ட் இறுக்கும்போதே அரை டிகிரி ஓடுவது சகஜம். தட்டில் 18.

அதன் பிறகு தம்பியின் வேலை. டாம்பர் வளையத்தில் உண்மையான டிடிசிக்கு வெள்ளைக் கோடு, ஹப்பில் இருந்து ரப்பரைத் தாண்டி வளையம் வரைக்கும் ஒரே நேர்க்கோடாக இன்னொரு சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு உடைந்தால் வளையம் நகர்ந்திருக்கிறது. பைப்பில் பெயின்ட்டைச் சுரண்டி, நாசில் பக்கம் நேரான இடத்தில் கிளாம்பை மாட்டி, பாதி லோடில், 1500-ல் லைட் அடித்தார். கணக்கில் 14, லைட்டில் 14-க்கும் 15-க்கும் நடுவே. பைப்பில் எஞ்சி நிற்கும் அழுத்தம், டெலிவரி வால்வு இழுக்கும் அளவு, கிளாம்ப் எந்த அளவு வீக்கத்தில் விழிக்கிறது, எல்லாம் சேர்ந்து அந்த அரை டிகிரி. கணக்கு அலையின் தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது. பார்த்துவிட்டு மேஸ்திரி, "அப்போ அன்னைக்கு நீ படிச்சது சரிதான்டா, ஒப்பிட்டதுதான் தப்பு" என்றார். தம்பி சிரித்தார், ஆனால் 'லைட்தான் கடைசி வார்த்தை' என்ற நம்பிக்கை அவருக்கு முழுதாகப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆயிற்று, வெள்ளைப் புகை சில நொடி மட்டும். முழு லோடில் மெல்லிய சாம்பல் நிறம் இருக்கிறது, இந்த உயரத்தில் இந்த வயதுக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் சூடு ஓரிடத்தில் நின்றுவிட்டது. டீசல் செலவு எவ்வளவு குறைந்தது என்று செயலாளர் கேட்டார், அதை அளக்க டேங்கில் சரியான மீட்டர் இல்லை, அளக்காததைச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை.

டாம்பரை மாற்றச் சொன்னேன், அதில் செயலாளரோடு கொஞ்சம் வாக்குவாதம். "கோடுதான் புதிதாகப் போட்டாச்சே, எதற்கு மாற்றணும்?" கோட்டுக்காக அல்ல. டாம்பர் இருப்பது கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்க, ரப்பர் விட்ட டாம்பர் அந்த வேலையைச் செய்யாது, ஆறு சிலிண்டரின் நீளக் கிராங்குக்கு அது நல்லதில்லை. ஜே.சி. ரோட்டில் கிடைத்தது, மாற்றினார்கள். புது டாம்பர் என்பதற்காக அதன் கோட்டை நம்பவில்லை, ஃப்ளைவீல் குறியோடு ஒப்பிட்டு, அதன் பிறகே சிவப்புக் கோடு இழுத்தோம். கேபிள் தட்டின் பிராக்கெட் ஒரு அடி தள்ளிப் போயிற்று, ஜன்னல் இனி திறக்கும்.

எழுதிக் கொடுத்ததில் கடைசிப் பகுதி அடுத்த சர்வீஸுக்கு வருகிறவருக்கானது. பம்ப் கடைக்காரர் வந்து டெலிவரி ஹோல்டருக்குப் புது வாஷர் போட்டு, டார்க் பார்த்து, சீல் திரும்ப வைத்துவிட்டார், அதனால் சொட்டு பார்க்க அவசரப்படவேண்டாம். முதலில் லைட்: நாசில் பக்கம், 1500, பாதி லோடு, 14 முதல் 15 வரை. அந்த எண் அப்படியே இருந்தால் பம்பைத் தொடவேண்டாம். இரண்டு டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் சிவப்புக் கோடு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கவும், பிறகு கப்ளிங் போல்ட், பிறகு டீசல் லைனில் காற்று. இவை எல்லாம் சரி என்றால் சீலை எடுத்து சொட்டு பார்க்கவும். சொட்டு இன்னும் 18-ல் நின்று லைட் மட்டும் பிந்தினால் டைமிங்கைத் திருத்தாமல் டெலிவரி வால்வைச் சோதிக்கவும். நாசில் அழுத்தம் இறங்கினால் லைட்டில் தெரியாது, அது பைப்பின் வீக்கத்தைத்தான் பார்க்கிறது, நாசில்களைத் தனியாகப் பெஞ்சில்தான் சோதிக்க வேண்டும்.